மணித்தியாலக் கடிதம் கேட்கும் பெற்றோருக்கும் அதில் ஒப்பமிடும் சங்கங்களுக்கும்

வணக்கம்.

ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிள்ளைகளை வளர்க்கிற தமிழ்ப் பெற்றோருக்கும், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், தமிழ் வகுப்பு, விளையாட்டுக் கழகம் என்று நாங்கள் இங்கே கட்டி எழுப்பியிருக்கிற அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை இத்தனை மணித்தியாலம் தொண்டு செய்தது என்று அமைப்புகள் எழுதிக் கொடுக்கிற கடிதத்தைப் பற்றித்தான். தனித்தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் இந்தச் சிக்கலை இரண்டு பகுதியும் சேர்ந்துதான் உண்டாக்குகிறீர்கள், ஒருவரைத் திட்டுவதை மற்றவரும் இருந்து கேட்பதுதான் நியாயம்.

நான் ஸ்காபரோவில் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் தொண்டர்களைச் சேர்த்து, பழக்கி, அவர்களுக்கு நேர அட்டவணை போடுகிற வேலையில் இருக்கிறேன். வருடத்தில் இரண்டு பருவங்களில் என் தொலைபேசி ஓயாது. ஒன்று மே மாதம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்கிற தொண்டு மணித்தியாலம் குறைந்துபோயிருக்கும். மற்றது செப்ரெம்பர், மருத்துவ பீட விண்ணப்பம் முடிய இன்னும் சில கிழமைகளே இருக்கும். இரண்டு பருவத்திலும் அழைப்பது பிள்ளை அல்ல, அம்மா அல்லது அப்பா. "பிள்ளை மெடிசின் செய்யப்போகுது, உங்கட இடத்திலயிருந்து ஒரு கடிதம் எடுக்கலாமோ?" பிள்ளை வந்து என்ன செய்யலாம், எந்த நாளில் ஆள் தேவை என்று கேட்கிற பெற்றோர் மிகக் குறைவு. சில பேர் பிள்ளையின் பெயரைச் சொல்ல முன்னமே எத்தனை மணித்தியாலம் போட்டுத் தருவீர்கள் என்று கேட்டுவிடுவார்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இது எங்கிருந்து வருகிறதென்று எனக்கும் தெரியும். நாங்கள் விட்டுவந்த இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் புள்ளிதான் எல்லாம். பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளியை மாற்றிய தரப்படுத்தல் வந்த 70களில் நல்ல புள்ளி எடுத்தும் மருத்துவ பீடம் கிடைக்காமல் போனவர்களின் கதை எங்கள் எல்லாருடைய குடும்பத்திலும் ஒன்றிருக்கும். அதற்குப் பிறகு மாவட்டக் கோட்டா, இசட் புள்ளி என்று முறைகள் மாறினாலும், அந்தப் பிள்ளை ஆசுபத்திரி வாசலையாவது மிதித்திருக்கிறதா, வருத்தக்காரர் ஒருவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே இங்கே வந்து "தொண்டும் பார்ப்பார்கள்" என்று கேள்விப்பட்டதும் அதையும் இன்னொரு பாடமாக்கி, அதற்கும் அதிக புள்ளி எடுக்கப் பார்க்கிறோம். ரியூசனுக்கு விடுகிற மாதிரியே பிள்ளையைத் தொண்டுக்கும் காரில் கொண்டுவந்து இறக்குகிறோம்.

சரி, விடயத்துக்கு வருவோம். பாதிக் குழப்பம் இரண்டு வேறு வேறு விதிகளை ஒன்றாக்கிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் எடுக்க 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும். 1999 இல் வந்த பாடத்திட்டத்தோடு வந்த விதி அது. ஒன்பதாம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையிலேயே அதைத் தொடங்கலாம். அது பள்ளிக்கூடம் கேட்பது, முடித்தால் சரி. மருத்துவ பீடம் கேட்பது வேறு. இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மருத்துவம் படிக்கப் போவதில்லை, பொதுவாகக் குறைந்தது மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும், அப்புறம்தான் ஓம்சாஸ் என்ற பொது விண்ணப்பத்தின் வழியாக ஒன்ராறியோவின் மருத்துவ பீடங்களுக்கு எழுதிப் போடலாம். அந்த விண்ணப்பத்தில் 'நீ என்னென்ன செய்திருக்கிறாய்' என்று கேட்கிற ஒரு பகுதி இருக்கிறது. அங்கே 16 வயதுக்குப் பிறகு செய்தவற்றைத்தான் எழுதச் சொல்கிறார்கள். 14 வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து "இது டொக்ரராக வரவேண்டிய பிள்ளை, ஆசுபத்திரி மாதிரி இடத்தில்தான் மணித்தியாலம் வேணும்" என்று என்னோடு வாக்குவாதப்பட்ட ஐயா ஒருவருக்கு இதைச் சொன்னபோது, அவர் நம்பவே இல்லை. அந்த வயதுப் பிள்ளை நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கட்டும். சந்தோசமாகச் செய்யும்.

இன்னொன்று. ஒன்ராறியோவில் இப்போது ஏழு மருத்துவ பீடங்கள் இருக்கின்றன, கடைசியாக வந்தது 2025 செப்ரெம்பரில் பிராம்ரனில் தொடங்கிய ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தினுடையது. இந்த ஏழும் ஒரே மாதிரி ஆட்களைத் தெரிவு செய்வதில்லை. மக்மாஸ்ரர் நீண்ட காலமாகவே யாரை நேர்முகத்துக்கு அழைப்பதென்று தீர்மானிக்கும்போது பல்கலைக்கழகப் புள்ளி, எம்கற் என்ற மருத்துவ பீட நுழைவுப் பரீட்சையின் வாசிப்புப் பகுதி, காஸ்பர் என்ற சூழ்நிலைத் தேர்வு ஆகியவற்றைத்தான் பார்த்து வந்தது, தொண்டுப் பட்டியலுக்கு அந்தக் கட்டத்தில் புள்ளியே இல்லை. குயின்ஸ் 2024 இல் ஒரு பெரிய மாற்றம் செய்தது, குறிப்பிட்ட தகுதியைத் தாண்டியவர்களில் யாரை அடுத்த கட்டத்துக்கு எடுப்பதென்று குலுக்கல் போடுகிறது. ஆமாம், குலுக்கல்தான். ரொறன்ரோ பல்கலைக்கழகம் படிப்புக்கு வெளியே செய்தவற்றைப் பார்க்கிறது. ஆனால் அது பார்ப்பது, இந்தப் பிள்ளை பொறுப்பாக நடந்துகொள்ளுமா, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்யுமா, மற்றவருக்காகக் குரல் கொடுக்குமா, தேடிப் படிக்குமா என்ற மாதிரியான நான்கு வகைப் பண்புகளை. சட்பரியிலும் தண்டர் பேயிலும் இருக்கிற வட ஒன்ராறியோ மருத்துவப் பல்கலைக்கழகம் அந்த வடக்குப் பகுதிக்கும் கிராமங்களுக்கும் உழைக்கக்கூடியவர்களைத் தேடுகிறது. இவற்றில் எங்கேயும் 'ஐந்நூறு மணித்தியாலத்துக்கு இவ்வளவு புள்ளி, ஆயிரத்துக்கு இவ்வளவு' என்று ஒரு அட்டவணை கிடையாது. நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிற அந்த எண்ணிக்கை எல்லாம் யாரோ தங்கள் பிள்ளையின் எண்ணிக்கையைச் சொன்னது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் தொண்டே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் அது விண்ணப்பத்தில் எங்கே பயன்படுகிறதென்று பாருங்கள். மக்மாஸ்ரரில் உருவாக்கி இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிற ஒரு நேர்முக முறை இருக்கிறது, பிள்ளை ஒவ்வொரு அறையாகப் போய் ஒவ்வொரு அறையிலும் சில நிமிடம் ஒரு புதுச் சிக்கலைப் பற்றிக் கதைக்க வேண்டும். உங்கள் கூட்டாளி ஒருவர் நோயாளியைப் பற்றி வெளியே கதைக்கிறார், என்ன செய்வீர்கள்? ஒரு முதியவர் சாப்பிட மறுக்கிறார், மகள் ஊட்டச் சொல்லி வற்புறுத்துகிறாள், என்ன செய்வீர்கள்? இதற்கு ஆயத்தப்படுத்த ரியூசன் நிலையங்களும் வந்துவிட்டன. ஆனால் சாப்பிட மறுத்த ஒரு தாத்தாவின் பக்கத்தில் உண்மையாகவே இருந்து பார்த்த பிள்ளை பதில் சொல்கிற விதம் வேறு. உடனே தீர்ப்புச் சொல்லாது. முதலில் கேள்வி கேட்கும்: பல் நோகிறதா? சாப்பாடு பிடிக்கவில்லையா? மகள் எத்தனை நாளாக நித்திரை கொள்ளவில்லை?

எங்கள் ஆட்கள் தெரிவு செய்கிற தொண்டுகளைப் பற்றி நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள்.

மண்டபத் தொண்டு. வருடாந்த ஒன்றுகூடல், கலைவிழா, நடன அரங்கேற்றம், விருது வழங்கும் இராப்போசனம். பிள்ளைகள் ஐந்து மணிக்கு வந்து கதிரை அடுக்குவார்கள், அப்புறம் பின் வரிசையில் இருந்து தொலைபேசி பார்ப்பார்கள், கொத்துரொட்டி சாப்பிடுவார்கள், கடைசியில் கதிரையைத் திருப்பி அடுக்குவார்கள். கடிதத்தில் 20 மணித்தியாலம் என்று வரும். ஒரு அமைப்பின் கடிதத்தில் நிகழ்ச்சி நடந்த அந்த ஒரு நாளுக்கு 30 மணித்தியாலம் போட்டிருந்ததை நானே பார்த்தேன். ஒரு நாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்று ஒப்பமிட்ட பெரியவருக்குத் தெரியாமலா இருக்கும்? "பிள்ளைகளுக்குத்தானே, உதவி செய்வம்" என்ற நல்ல மனம். அந்த நல்ல மனம் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது என்னவென்றால், பெரியவர்கள் ஒப்பமிட்ட காகிதத்தில் பொய் இருந்தாலும் பரவாயில்லை என்பதை. நாளைக்கு அதே பிள்ளைதான் ஒரு நோயாளியின் கோப்பில் 'பார்த்தேன்' என்று ஒப்பமிடப் போகிறது.

அடுத்தது, பதினாறு வயது நிறுவுநர்கள். இப்போது எந்தத் தெருவில் கல்லை எறிந்தாலும் ஒரு தொண்டு நிறுவனத்தின் தலைவர் மேல்தான் விழும் போலிருக்கிறது. பெயர், இலச்சினை, இன்ஸ்ராகிராம் பக்கம், நான்கு உபதலைவர்கள், எல்லாரும் ஒரே வகுப்பு. ஏற்கனவே இருக்கிற உணவு வங்கியில் சனிக்கிழமை காலையில் ரின் சாப்பாடு பிரித்து அடுக்க ஆளில்லாமல் தவிப்பார்கள், அங்கே போக இந்தத் தலைவர்களுக்கு நேரமில்லை. உண்மையிலேயே ஒரு தேவையைக் கண்டு, அதைச் செய்ய வேறு யாரும் இல்லாமல், தானே தொடங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை நான் சொல்லவில்லை. அவர்களை அடையாளம் காண்பது சுகம்: பல்கலைக்கழகம் கிடைத்த பிறகும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவதைச் சொல்லும்போதுதான் எனக்கு உண்மையாகக் குரல் உயரும். ஓகஸ்ற் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பிள்ளையை வன்னியில் ஒரு இலவச மருத்துவ முகாமுக்கு அனுப்பி, கழுத்தில் ஸ்ரெதஸ்கோப் போட்டு, ஒரு ஆச்சியின் கையைப் பிடித்தபடி படம் எடுப்பது. ரொறன்ரோவில் ஒரு நோயாளிக்குக் கிட்டவும் போக அனுமதியில்லாத பிள்ளை அங்கே பிரஷர் பார்க்கிறது, சில இடங்களில் ஊசி போடவும் கை கொடுக்கிறது. எந்தப் பயிற்சியோடு? யாருடைய அனுமதியோடு? அந்த ஆச்சி போரையும் இடப்பெயர்வையும் தாண்டி வந்தவ, உங்கள் பிள்ளை பழகிப்பார்க்கக் கிடைத்த உடம்பல்ல. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இப்படி வெளிநாடு போய்ப் பயிற்சியில்லாமல் நோயாளிகளைத் தொடுவதைப் பற்றி மாணவர்களை எச்சரித்தே வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. அதாவது, நீங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்த அந்தப் படம் தெரிவுக் குழுவில் சில பேருக்கு ஆபத்தின் அறிகுறியாகவே தெரியும். ஊருக்குப் போங்கள். போய்ப் பிள்ளை அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இங்கிலீசில் கதைத்துப் பழகட்டும், வாசிகசாலையில் புத்தகம் ஒழுங்குபடுத்தட்டும், அம்மம்மாவை ஆசுபத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் விடியப்புறத்திலிருந்து வரிசையில் நிற்கட்டும். அந்த வரிசையில் படிக்க நிறைய இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, நீங்கள் மறைக்கிற ஒன்று இருக்கிறது. போன வருடம் நல்ல பிள்ளை ஒன்று என்னிடம் வந்தது, பல்கலைக்கழகம் இரண்டாம் வருடம். கிழமையில் மூன்று நாள் இரவில் ரிம் ஹோர்ட்டன்ஸில் வேலை, வீட்டில் பக்கவாதம் வந்த அப்பப்பாவைக் குளிக்க வார்ப்பதும் அவன்தான். "எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் ஒண்டும் இல்லை அன்ரி" என்று சொன்னான். அம்மா அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறா, கோப்பிக் கடையில் வேலை செய்வது டொக்ரராகப் போகிறவனுக்கு மரியாதை இல்லையாம். அந்த விண்ணப்பத்தில் சம்பள வேலைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வேறு எதிலும் அடங்காததை எழுதவும் இடம் இருக்கிறது, வீட்டில் ஒருவரைப் பராமரிப்பதை அங்கே எழுதலாம். இரவு பதினொரு மணிக்கு வெறியில் கத்துகிற ஒருவருக்கு அமைதியாகக் கோப்பி ஊற்றிக் கொடுத்தவனுக்கு, சிடுசிடுக்கிற நோயாளியைச் சமாளிக்க யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குடும்பத்துக்குக் காசு தேவைப்பட்டு வேலை செய்கிற பிள்ளையை வேலையை விட்டுவிட்டுத் தொண்டுக்குப் போ என்று சொல்லாதீர்கள். அது அநியாயம், தேவையும் இல்லை.

ஆசுபத்திரித் தொண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாருக்கும் அதுதான் வேண்டும், ஆகவே காத்திருப்புப் பட்டியலும் நீளம். கிடைத்தாலும் பெரும்பாலும் வாசலில் நின்று வழி காட்டுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, பரிசுக் கடையில் நிற்பது போன்றவைதான். கேவலமான வேலை என்று சொல்லவில்லை. பயந்துபோய் வருகிற ஒருவருக்குச் சரியான மாடியைக் காட்டிவிடுவதே பெரிய உதவி. ஆனால் சத்திரசிகிச்சை அறையைப் பார்க்கலாம், டொக்ரருக்குப் பின்னால் போகலாம் என்று நினைத்து வருகிற பிள்ளை ஏமாந்துபோகும். அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பதென்றால் மருத்துவரோடு கூடப்போய்ப் பார்த்த அனுபவத்தைப் பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள், அங்கே விண்ணப்பத்தில் மொத்தம் 15 செயல்கள்தான் எழுதலாம், அதில் மூன்றை மட்டும் முக்கியமானவை என்று விரித்து எழுதலாம். 15 இடத்துக்கு நாற்பது சான்றிதழ் சேர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி என் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் இல்லத்துக்கு ஆள் பிடிக்கிற நோக்கமும் இருக்கிறது, ஒளிக்கவில்லை.

நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு மணித்தியாலம் நேரடிப் பராமரிப்புக் கிடைக்க வேண்டும் என்று ஒன்ராறியோ 2021 இல் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு இலக்கு வைத்தது. அந்த நான்கு மணித்தியாலத்தில் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, மருந்து, சாப்பாடு எல்லாம் அடங்கும். மிச்ச இருபது மணித்தியாலம்? நித்திரை போக மீதி நேரம் சுவரைப் பார்ப்பதுதான். 2020 மார்ச்சில் கோவிட் வந்து வாசலைப் பூட்டியபோது குடும்பத்தவர்களும் தொண்டர்களும் உள்ளே வர முடியாமல் போனது, முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் பெரும்பகுதி இப்படியான இல்லங்களில் இருந்தவர்கள். சில இல்லங்களுக்கு இராணுவத்தையே அனுப்ப வேண்டி வந்தது. அந்த மாதங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், கிழமைக்கு ஒருமுறை வந்து கதைத்துவிட்டுப் போகிற ஒரு பள்ளிப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்று.

எங்கள் தமிழ் முதியவர்களின் விடயம் இன்னும் சிக்கல். மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பிறகு படித்த மொழி முதலில் கழன்றுபோகும். முப்பது வருடம் இங்கே இருந்து இங்கிலீசில் வேலை செய்தவர்கூட ஒருநாள் தமிழில் மட்டும் கதைக்கத் தொடங்குவார். பின்னேரம் நான்கு, ஐந்து மணிக்கு, வெளிச்சம் குறைகிற நேரம், பலருக்குப் பதற்றம் வரும். மாடு அவிழ்க்க வேணும், பிள்ளைகள் பள்ளியால் வருவினம், கடைசி பஸ் போயிடும் என்று வாசலுக்கு நடப்பார்கள். தாதிக்கும் பராமரிப்பு உதவியாளருக்கும் அது விளங்காது, அவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ ஜமெய்க்காவிலிருந்தோ வந்து, தங்கள் பங்குக்கு முறிந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் உடைந்த தமிழில் "அம்மம்மா, எந்த ஊர் பஸ்?" என்று கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் போதும். அம்மம்மா பஸ்ஸை மறந்துவிட்டு ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவா. உங்கள் பிள்ளையின் தமிழ் சரியில்லை என்று வெட்கப்படாதீர்கள், எங்கள் அம்மம்மாக்கள் திருத்திவிடுவார்கள், அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

வேலை என்ன என்பதையும் மூடாமல் சொல்கிறேன். மணக்கும். ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்க வேண்டும். சில நாள் உங்களைக் கள்ளன் என்று கத்துவார்கள். கிழமைக்குக் கிழமை ஒரு கட்டிலில் ஆள் மாறியிருக்கும், ஏன் என்று பிள்ளைக்கு விளங்கும். சாப்பாடு ஊட்டத் தனிப் பயிற்சி வேண்டும், விழுங்கக் கஷ்டப்படுகிறவர் என்று அறியாமல் ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தாலே மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். கட்டிலிலிருந்து தூக்கக் கூடாது, மருந்து தொடக் கூடாது. படம் எடுக்கவே கூடாது, நோயாளிகளின் தனிப்பட்ட தகவலைக் காக்க 2004 இலிருந்து மாகாணச் சட்டமே இருக்கிறது. வைத்தியர் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கிற இடத்தில் தொண்டர் பிள்ளையை மொழிபெயர்க்க விடமாட்டேன், அதற்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுக்கலாம். "என்ட பிள்ளை வீட்டில எங்களுக்கு எல்லாம் மொழிபெயர்க்குது" என்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பாரம் அவர்களுக்கு வீட்டிலேயே போதும்.

தொடங்க முன்னமே காசநோய்ப் பரிசோதனை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும், தடுப்பூசிப் பதிவு வேண்டும், 18 வயதுக்கு மேலென்றால் பொலிஸ் சோதனைச் சான்றிதழ் வேண்டும். இதற்கே பல கிழமைகள் போய்விடும். ஆகவே செப்ரெம்பரில் அழைத்து ஒக்ரோபர் முதல் கிழமைக்குள் கடிதம் கேட்கிறவர்களுக்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தயவுசெய்து எனக்குத் தெரிந்தவரின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டாம்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது, வரவும் வேண்டியதில்லை. கணிதம் பிடித்த பிள்ளை வறிய பகுதிகளில் மாலை வகுப்பு நடத்துகிற இடங்களுக்குப் போகலாம். முதலுதவியில் விருப்பமென்றால் சென் ஜோன் அம்புலன்ஸ் இருக்கிறது, கதைகேட்கும் பொறுமை உள்ள கொஞ்சம் வயது கூடிய பிள்ளைகளுக்குக் மனக்கஷ்டத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு உதவுகிற கிட்ஸ் ஹெல்ப் போனின் குறுஞ்செய்திச் சேவை இருக்கிறது, அவர்களே பயிற்சி கொடுப்பார்கள். கிரிக்கெட் பைத்தியமென்றால் சின்னவர்களுக்குப் பழக்கட்டும், அதுவும் எழுதலாம். பிள்ளையிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பஸ்ஸில் தனியாகப் போய்வரக்கூடிய தூரமா? பரீட்சைக் கிழமையிலும் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குவாயா? நீ ஒருநாள் வராவிட்டால் அங்கே யாருக்காவது தெரியுமா? கடைசிக் கேள்விக்குத் 'தெரியாது' என்று பதில் வந்தால், அந்த இடத்தில் நிற்கத் தேவையில்லை. இந்த மூன்றுக்கும் ஆம் என்று வருகிற ஒரு இடத்தில் ஒன்றரை, இரண்டு வருடம் நின்ற பிள்ளைக்கு, பத்து இடத்தில் பத்துப் பத்து மணித்தியாலம் பொறுக்கியவரை விடச் சொல்ல நிறைய இருக்கும். ஊரில் சொல்வது போல, ஒரு இடத்தில் ஆழமாகக் கிண்டினால்தான் கிணறு.

பெற்றோரே, இன்னொன்றுக்கும் ஆயத்தமாக இருங்கள். வந்து பார்த்துவிட்டு "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு. ஒரு பெண்பிள்ளை நான்கு மாதம் ஒழுங்காக வந்து, கடைசியில் எனக்கு ஆட்களை விட அவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கும் இந்த இயந்திரம்தான் பிடிக்கிறது என்று சொல்லிப் பொறியியலுக்குப் போனாள். அவளுடைய அம்மா இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை, கோயிலில் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றுவா. நானோ, எம்கற் புத்தகத்துக்கும் வகுப்புக்கும் ஆயிரக்கணக்கில் கட்ட முன்னமே அது தெரிந்ததே என்று நினைக்கிறேன்.

இனிச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு. நீங்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு சொந்தக் காசில் ஓடித்திரிந்து சங்கத்தை நடத்துகிறீர்கள். ஆனால் உங்களிடம் வருகிற பிள்ளைகளுக்குக் கதிரையைத் தவிர வேறு வேலை கொடுங்கள். உங்கள் அங்கத்தவர்களில் எத்தனை முதியவர்கள் அடித்தள வீட்டில் தனியாக இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு பட்டியல் போட்டு, இரண்டு இரண்டு பிள்ளைகளாக ஒரு பெரியவரின் மேற்பார்வையில் கிழமைக்கு ஒருமுறை அழைத்துக் கதைக்க விடுங்கள். பனிக்காலத்தில் அவர்களின் நடைபாதையைத் துப்புரவாக்கட்டும். மருந்துக்கடைக்குக் கூடப் போகட்டும். இதற்கு மண்டபமும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுத ஒரு கொப்பி வையுங்கள், அதில் இருக்கிறதைக் கடிதத்தில் போடுங்கள், அதற்கு மேல் ஒரு மணித்தியாலம்கூட வேண்டாம், எந்த அண்ணையின் மகனாக இருந்தாலும்.

இதில் பிள்ளைகளுக்கு உண்மையாகவே அடிபடுகிற இடம் ஒன்றிருக்கிறது, உங்களில் பல பேருக்கு அது தெரியாது. ஓம்சாஸ் விண்ணப்பத்தில் எழுதுகிற செயல்களுக்கு அதை உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரின் பெயரும் தொடர்பும் கேட்பார்கள், மருத்துவ பீடம் விரும்பினால் அவரைத் தொடர்புகொண்டு விசாரிக்கும். பிள்ளை உங்களோடு வேலை செய்தது பதினேழு வயதில், விண்ணப்பம் போடுவது இருபத்தொன்றில். அதற்கிடையில் உங்கள் நிர்வாகசபை இரண்டு தடவை மாறியிருக்கும், ஒருதடவை சங்கம் இரண்டாகவும் பிரிந்திருக்கும் (எங்களைத் தெரியாதா), மின்னஞ்சல் முகவரி பழைய செயலாளரோடு போயிருக்கும். அங்கிருந்து ஒருவர் அழைத்து "இந்தப் பிள்ளை உங்களிடம் இரண்டு வருடம் வேலை செய்ததா?" என்று கேட்டால், எடுக்கிறவர் "ஆர் பிள்ளை? எந்த ஊர்?" என்று கேட்பார்.

ஆகவே அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் இதையும் போடுங்கள். பிள்ளைகளின் தொண்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், பதவி மாறினாலும் மாறாத ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சங்கத்தின் பெயரில் எடுங்கள், அந்தக் கொப்பியைப் புது நிர்வாகத்துக்குக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துக் கையளியுங்கள். பெற்றோரே, பிள்ளைக்கு இடம் தேடுகிறபோது அந்தப் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். எங்கள் இல்லத்தில் அடுத்த பயிற்சி ஜனவரியில், பின்னேர நேரத்துக்குத் தமிழ் கதைக்கக்கூடிய பிள்ளைகள் தேவை. பிள்ளையே அழைக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் தொண்டர்களுக்கு அட்டவணை போடுகிற ஒருத்தி